பழக்கிய மூட்டு

செயற்கை மூட்டுகள் செய்யும் பொள்ளாச்சி மூட்டாலையில் சென்னியப்பனுடைய முழங்கால்களுக்கு இருந்த மரியாதை, ஆலையின் பொது மேலாளருக்குக்கூட இருந்ததில்லை. மாதச் சோதனைக்கு அவர் வருகின்ற நாளில் வாயிற்காவலர் எழுந்து நின்று சங்கிலியை அவிழ்ப்பார். பின்னர்த் தொலைபேசியை எடுத்து, "முட்டி வந்துட்டுதுங்க," என்று உள்ளே அறிவிப்பார். ஆள் வந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

சென்னியப்பன் அரசுப் பேருந்தின் நடத்துநர். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையில், பணியில் சேர்ந்த நாள்தொட்டு நின்றபடியே பயணம் செய்தவர். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து, இலகுப் பணி என்ற பெயரில் பணிமனையின் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று அவர் அஞ்சியிருந்த வேளையில்தான் இந்த ஆலை அவரை அழைத்தது. மூட்டு இலவசம், மாதந்தோறும் ஊக்கத்தொகையும் உண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று. மூட்டு நன்கு பழகியபின் அதைக் கழற்றித் தந்துவிட வேண்டும். பதிலுக்குப் புதிய மூட்டைப் பொருத்திக்கொண்டு மறுபடியும் பழக்க வேண்டும். அவரைப் போன்றவர்களுக்கு ஆலையில் பழக்குநர் என்று பெயர்.

முலாம் பிரிவின் தலைவி வஞ்சிக்கொடி, மேசைமேல் கால் நீட்டிப் படுத்திருந்த அவருடைய முழங்காலின்மீது ஒலியளவியை மெல்ல நகர்த்தினாள். திரையில் மூட்டின் பரப்பு, காற்றில்லாத நேரத்து ஏரிபோல அசைவின்றி மின்னியது.

"நாலே மாசத்துல பழகிட்டுதுங்கண்ணா. கண்ணாடியாட்டம் இருக்குது."

"மத்தவங்களுக்கு எவ்வளவு ஆகுதுங்க?"

"ஒரு வருசம். அதுவும் வலியோட."

"நடை வேணும்ங்க அதுக்கு!" என்று சென்னியப்பன் கூரையைப் பார்த்துச் சொன்னார். "என்ற முதல் சோடி நகைக்கடைக்காரருக்கு. ரெண்டாவது சோடி கோயமுத்தூர் வக்கீலம்மாவுக்கு. அந்த நகைக்கடைக்காரர் இப்பெல்லாம் கல்லாவுல உக்காரதே இல்லையாமா. காலை அகட்டி வெச்சு, இடுப்பை மேசையில சாச்சு, நின்னுட்டே யாவாரம் பண்றாராமா. அவரு சம்சாரமே சொல்லிச் சிரிச்சாங்க."

வஞ்சிக்கொடியும் சிரித்தாள். அருகில் நின்ற மருத்துவர் ரெஜினா சிரிக்கவில்லை. மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரமே ஆகியிருந்த அவர், சென்னியப்பனின் எலும்புப் படங்களைத் தனித்தனியாக வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல வஞ்சி. புது மூட்டை நேரா நோயாளிக்கே வச்சுட்டுப் போக வேண்டியதுதானே? நடுவுல இவர் எதுக்கு?"

"நான் சொல்றனுங்க டாக்டரம்மா," என்று சென்னியப்பன் முந்திக்கொண்டார். "இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். டைட்டானியம் இருக்குது பாருங்க, நல்ல மாப்பிள்ளை. கனமில்லை, துருப்பிடிக்காது, எலும்போட ஒத்துப் போயிடும். ஆனா உரசினா மட்டும் ஆகாது. கருகருன்னு மாவாட்டம் உதிர்ந்து சதைக்குள்ள போயிடும். அதனால மேடம் அது மேல ஒரு முலாம் பூசிட்டாங்க. முடியை விட மெல்லிசு. அந்த முலாத்துக்குள்ள பொடிப்பொடியா மணி இருக்குது. ஆரம்பத்துல பஸ் ஸ்டாண்டுக் கூட்டமாட்டம் ஆளுக்கொரு பக்கம் முண்டும். உரச உரச வரிசையில வந்து நின்னுக்கும். நின்னுட்டா நூறு வருசத்துக்குத் தேயாது. ஆனா வரிசையில நிக்கற வரைக்கும் இருக்குது பாருங்க..." அவர் பற்களைக் கடித்துக் காட்டினார். "முட்டிக்குள்ள மணலைப் போட்டு அரைச்ச மாதிரி. அதைப் பெரிய மனுசங்க தாங்குவாங்களா? அதான் நாங்க."

"இவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை," என்றாள் வஞ்சிக்கொடி.

"சரிங்கய்யா. கொஞ்சம் வெளியில உட்காருங்க," என்றார் ரெஜினா.

கதவு மூடியதும் அவர் படங்களை வஞ்சிக்கொடியிடம் நீட்டினார். "மூட்டைக் கழட்டும்போது எலும்பும் கொஞ்சம் சேர்ந்து வருது. முதல் தடவை பரவாயில்லை. ரெண்டாவது தடவையும் சமாளிச்சிருக்காங்க. இப்ப இவர் கால்ல இருக்கறது மூணாவது சோடி. இதையும் எடுத்தா, நாலாவதைப் பிடிச்சு நிறுத்த அங்க எலும்பே கிடையாது. அப்புறம் இந்த மனுசன் நிக்கவே மாட்டாரு."

வஞ்சிக்கொடி படத்தையே பார்த்திருந்தாள். மூட்டின் உலோகம் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. அதைத் தாங்கிய எலும்பு, தண்ணீர் ஊற்றிக் கரைத்த பால்போல வெளிறிக் கிடந்தது. அவள் இதுவரை உலோகத்தை மட்டுமே பார்த்து வந்திருந்தாள்.

"இந்தச் சோடி யாருக்கு?"

"பெரியவருக்கு," என்றாள் அவள்.

பெரியவர் என்றால் ஆலையின் உரிமையாளர் அர்த்தநாரி. கார்த்திகை பிறந்ததும் அறுவை, தைப்பூசத்தன்று பழனி மலைக்குப் படி வழியே ஏற்றம் என்று அவர் நாள் குறித்து வைத்திருந்தார்.

ரெஜினா குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. முலாத்துல கீறல் விழுந்திருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் இந்தச் சோடியைத் தொடவே மாட்டார்."

"தொட மாட்டார் டாக்டர். அடுத்த பழக்குநருடைய சோடியைக் கேட்பார். முற்றத்தில் இன்னும் முப்பது பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கீறல் விழுந்தது என்று சொல்ல முடியுமா?" அவள் படங்களை உறையிலிட்டாள். "மேலும், என் முலாத்தில் கீறல் விழாது."

பெரியவர் தம் அறையில் காலை முக்காலியின்மேல் நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உலகத்துக்கே மூட்டு விற்கும் மனிதர் தைல வாடையோடு அமர்ந்திருந்த அந்தக் காட்சியை வெளியார் யாரும் கண்டதில்லை.

"வா அம்மிணி. என்ற முட்டி தயாரா?"

"தயாருங்கய்யா. ஆனால் அது இருக்கிற காலிலிருந்து எடுத்தால் அந்தக் கால் போய்விடும்."

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. பெரியவர் படத்தைப் பார்க்க மறுத்துவிட்டார்.

"ஒப்பந்தம் போட்டுத்தானே வெச்சோம்? நாம ஏமாத்தலையே. அவன் படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டான்?"

"போட்டார்ங்கய்யா. ஒப்பந்தம் இருக்குது, கையெழுத்தும் இருக்குது. எலும்புதான் இல்லை."

பெரியவரின் கை எண்ணெயோடு அப்படியே நின்றது. சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே பழனி மலைப்படிகளின் படம் ஒன்று தொங்கியது. அவர் பார்வை அங்கே சென்று மீண்டது.

"எனக்கு எழுபத்தஞ்சு ஆச்சு கண்ணு. புது மூட்டை வெச்சு ஒரு வருசம் மணல் அரைக்கறதுக்கு எனக்கு நாளும் இல்லை, தெம்பும் இல்லை. வேற வழி இருந்தாச் சொல்லு."

"இருக்குதுங்க."

"என்ன வழி?"

"இன்னும் தெரியலைங்க. ஒரு மாதம் கொடுங்கள், சொல்கிறேன்."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஆலையைக் கட்டறதுக்கு பேங்க்ல கடன் கேக்கறப்ப நானும் இப்படித்தான் பேசினேன். கார்த்திகை முழுசும் உனக்கு. தைப்பூசம் போனாப் போகுது, பங்குனி உத்திரத்துக்கு ஏறிக்கறேன். ஆனா மார்கழி பொறந்தா ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். அப்ப வந்து கண்ணைக் கசக்கக் கூடாது."

"நான் கசக்க மாட்டேன்ங்க," என்றாள் வஞ்சிக்கொடி.

முற்றத்தில் பழக்குநர்கள் வட்டமாக நடந்துகொண்டிருந்தனர். சிலர் பல்லைக் கடித்தும், சிலர் சுவரைப் பிடித்தும் நடந்தனர். முற்றத்தின் கோடியில், தார்ப்பாய் போர்த்திய நடைப்பொறி நின்றது. மனிதர்களுக்குப் பதிலாக மூட்டைப் பழக்குவதற்கென்று அவள் முன்பு அமைத்த பொறி அது. இரவும் பகலும் நடந்தது. ஆயினும் அது பழக்கிய மூட்டு, நேராக நடக்கையில் வழுக்கிக்கொண்டும் திரும்புகையில் கரகரத்துக்கொண்டும் இருந்தது. நடக்கின்ற மனிதர்களுக்கோ ஓராண்டு ஆகிறது. சென்னியப்பனுக்கு மட்டும் நான்கு மாதம் போதும். அவருடைய நடையில் அப்படி என்ன இருக்கிறது?

அவர் நடையை எத்தனையோ முறை படம் பிடித்து ஆராய்ந்தாயிற்று. எல்லாரையும் போலவே நடந்தார். சற்றுச் சோம்பலான நடை என்றுகூடச் சொல்லலாம்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டாவது சோடியைப் பழக்கியபோது நடுவில் மூட்டு மக்கர் செய்தது. போக்குவரத்து ஊழியர்களின் நீண்ட வேலைநிறுத்தம் நடந்த காலம் அது. பேருந்து ஓடவில்லை, சும்மா இருப்பானேன் என்று சென்னியப்பன் நாள்தோறும் ஆலைக்கு வந்து முற்றத்தில் காலை முதல் மாலை வரை நடந்தார். வழக்கத்தைவிட நான்கு மடங்கு நடந்தார். ஆயினும் மணிகள் ஓர் இழைகூட வரிசைப்படவில்லை. அதை எல்லாரும் முலாம் கரைசலின் குறை என்று எண்ணி, கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது, மூட்டும் சரியாயிற்று. புதுக் கரைசலுக்குப் பாராட்டும் கிடைத்தது!

மறுநாட்காலை வஞ்சிக்கொடி, முழங்காலில் அசைவுமானிப் பட்டையைக் கட்டிக்கொண்டு வால்பாறைப் பேருந்தில் ஏறினாள்.

"ஏனுங் மேடம், இடம் இருக்குது, உக்காருங்க," என்றார் சென்னியப்பன்.

"நின்றுகொண்டே வருகிறேன்ங்கண்ணா."

"ஆழியாறு தாண்டட்டும், தெரியும்," என்று சிரித்தபடி அவர் முன்பக்கம் போனார்.

தெரிந்தது. மூன்றாவது வளைவில் கம்பியைக் கட்டிப் பிடித்தாள். ஐந்தாவது வளைவில், பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள்மீது சாய்ந்தாள்.

"பாத்து அம்மிணி! இது நடக்கற பூமின்னு நெனச்சியா?" என்றார் அந்த அம்மாள்.

சென்னியப்பனோ எதையும் பிடிக்கவில்லை; கால்களைச் சற்று அகட்டி, இடுப்பை ஓர் இருக்கையின் முதுகில் இலேசாகச் சாய்த்து நின்றார். ஒரு கையில் சீட்டுப் பொறி, மறு கையில் சில்லறை. வளைவுக்கு முன்னே ஒரு முழங்கால் இளகிக் கொடுக்கும், மற்றொன்று ஊன்றிக்கொள்ளும், பேருந்து திரும்பி முடிப்பதற்குள் இரண்டும் இடம் மாறிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் அசையாமல் நிற்பதாகவே தோன்றும். வஞ்சிக்கொடி தன் முழங்காலின் பதிவைக் கைத்திரையில் பார்த்தாள். நடக்கையில் இரண்டு மூன்று கோடுகளாக வருகின்ற முழங்காலின் அசைவு, இங்கே எல்லாத் திசைகளிலும் மயிரிழை மயிரிழையாகப் பரவியிருந்தது.

வால்பாறை நிறுத்தத்தில் தேநீர் குடிக்கும்போது அவள் சொன்னாள்: "கண்டுபிடித்துவிட்டேன்ங்கண்ணா. நாங்கள் பொறிக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தோம். நிற்கக் கற்றுக்கொடுக்கவில்லை."

"நிக்கறதுக்கு என்னங்க கத்துக்கறது?"

"ஆடுகிற தரையில் நிற்பதற்கு. முலாம் பழகியது நடையினால் இல்லை. இந்தப் பேருந்தினால்." அவள் எலும்பின் நிலையையும் பெரியவர் கொடுத்த கெடுவையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தாள். "பேருந்தின் ஆட்டத்தைப் பொறிக்குக் கொடுத்துவிட்டால் மனிதர் யாரும் பழக்க வேண்டியதில்லை. உங்கள் கால் உங்களுக்கே."

சென்னியப்பன் தேநீரைக் கீழே வைத்தார். கால் பிழைக்கப்போகிறது என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் வந்தது. வந்த வேகத்தில் வேறேதோ ஒன்று அதை மறைத்தது.

"அப்ப... என்ற நடை ஒண்ணும் விசேசம் இல்லைங்களா?"

அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "பேருந்துதாங்கண்ணா."

"சேரி விடுங்க," என்றார் அவர். "ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். என்ற சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம். சிரிச்சே உசுரை எடுத்துருவா."

பதிவுக்கு அவளுடைய முழங்கால் உதவவில்லை. விழுந்ததும் பற்றியதுமாக அதில் தெளிவே இல்லை. ஆகவே சென்னியப்பனுக்குப் பட்டையைக் கட்டி, போகவும் வரவும் பல நாள் பதிவு செய்தார்கள். நடைப்பொறியின் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, எப்பக்கமும் சாயும் தளம் ஒன்றைப் பொருத்தினார்கள். ஆலைக்குள் வால்பாறைச் சாலை இரவும் பகலும் ஓடியது. வளைவுக்கு வளைவு தளம் சாய்ந்தது. உலோகக்கால் இளகியது, ஊன்றியது, மாறியது. கார்த்திகை தீரும் தறுவாயில் வஞ்சிக்கொடி மூட்டைக் கழற்றி அளவிட்டாள். எப்பக்கம் திருப்பினாலும் கரகரப்பு இல்லை. ஒன்றுக்கு மூன்று முறை அளந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பெரியவரிடம் சென்றாள்.

முற்றத்து வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. செய்தி அவளுக்கு முன்பே அங்கே போயிருந்தது. செங்கல் சூளையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்ட ராமாத்தாள் என்ற பழக்குநர் வழியை மறித்தாள்.

"ஏனுங் மேடம், மிஷினே நடந்துக்குமாமா? அப்ப எங்களுக்கு என்னங்க வேலை?"

"இப்போது உங்கள் காலில் இருக்கிற மூட்டை யாரும் கழற்ற மாட்டார்கள் ராமாத்தாள். அந்த உறுதியை நான் வாங்கித் தருகிறேன். வேலைக்கு... எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்கிறேன்."

"கேளுங்க. வலிக்குதுன்னு அழுதமே ஒழிய, வேண்டாம்னு சொல்லலைங்க," என்றாள் ராமாத்தாள். அந்தச் சொல் வஞ்சிக்கொடியோடு மாடி வரை ஏறி வந்தது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். கழற்றுவது இனி இல்லை என்பதற்குத் தலையசைத்தார். வேலையைப் பற்றிச் சொன்னபோது, "பாதிப் பேருக்கு மிஷின் பக்கம் இடம் இருக்கும். மீதிக்கு யோசிக்கறேன்," என்றார். யோசிப்பதாக அவர் சொன்னால் யோசிப்பவர்தாம். ஆனாலும் அது வாக்குறுதி ஆகாது என்பதை அவள் அறிவாள்.

அங்கிருந்த ரெஜினா கேட்டார்: "மிஷின் பழக்கின மூட்டை முதல்ல யாருக்கு வச்சுப் பார்க்கறது? வழக்கமா ஒரு பழக்குநருக்குத்தான்..."

"அந்த வழக்கம் போதும்," என்று பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். "எனக்கே வைங்க. சரியா வரலைன்னா நம்ம அம்மிணியைத் திட்டறதுக்கு நான்தான் பொருத்தமான ஆளு."

வைத்தார்கள். மாசி பிறக்கும்போது அவர் கைத்தடியை எறிந்துவிட்டார். பங்குனி உத்திரத்தன்று பழனிமலையில் படி வழியே ஏறி, ஓர் இடத்திலும் உட்காராமல் உச்சியைத் தொட்டார். இறங்கி வந்தவர் சொன்ன முதல் வார்த்தை வஞ்சிக்கொடியை வியப்பில் ஆழ்த்தியது.

"என்ற முட்டி பழகின ரோட்டை நான் பாக்கோணும். காருல வேண்டாம். பஸ்சுல போலாம்."

அடுத்த வாரமே சென்றார்கள். நாற்பது ஆண்டுகளாகப் பேருந்தில் கால் வைக்காதவர் அவர். வால்பாறை மலைப்பாதையை இளமையில்கூடக் கண்டதில்லை. சென்னியப்பன் வேகமாக வந்து முன்னிருக்கையைத் துண்டால் தட்டினார்.

"உக்காருங்கய்யா. வளைவு கொஞ்சம் மோசமா இருக்கும்."

"இருக்கட்டும்ப்பா. அப்புறமா உக்காந்துக்கறேன்."

ஆழியாறு பின்னால் போயிற்று. வஞ்சிக்கொடி முன்னனுபவத்தை மறவாமல் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். முதல் வளைவு வந்தது. பேருந்து திரும்புவதற்கு ஓர் இமைப்பொழுது முன்னதாகவே பெரியவரின் இடது முழங்கால் இளகிக் கொடுத்தது, வலது ஊன்றிக்கொண்டது, வளைவு முடிவதற்குள் இரண்டும் இடம் மாறின. கால்கள் சற்று அகன்றிருந்தன. இடுப்பு இருக்கையின் முதுகில் இலேசாகச் சாய்ந்திருந்தது. கையோ எந்தக் கம்பியையும் பற்றவில்லை. அவர் அதை அறிந்தவராகவே தோன்றவில்லை; சன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மிணி, இந்த வழி எனக்கு என்னமோ தெரிஞ்ச வழியாட்டமே இருக்குது," என்றார்.

வஞ்சிக்கொடி பேருந்தின் நடுவே பார்த்தாள். அங்கே சென்னியப்பன், சீட்டுக் கிழிப்பதை மறந்து, பெரியவரின் கால்களையே நோக்கி நின்றார். அடுத்த வளைவு வந்தது. இரண்டு முழங்கால்கள் முன்னே. இரண்டு முழங்கால்கள் நடுவே. நான்கும் ஒரே கணத்தில் இளகின, ஒரே கணத்தில் ஊன்றின. கல்லாவில் உட்கார மறுத்த நகைக்கடைக்காரரை அவள் அப்போதுதான் உண்மையாகவே நினைத்துப் பார்த்தாள்.

"மேடம்," என்று சென்னியப்பன் அவள் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார், "பஸ்சுதான்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்ங்கண்ணா. தப்பாகச் சொல்லிவிட்டேன்."

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பையைத் தோளில் ஏற்றி, குரலை உயர்த்தி, அன்றைய பயணத்தில் வேறு யாரிடமும் காட்டாத மிடுக்கோடு பெரியவர் முன்னால் போய் நின்றார்.

"வால்பாறை ஒண்ணுங்களா? சீட்டு வாங்குங்க."

பெரியவர் இரு கைகளையும் சட்டையின் பக்கப்பைகளுக்குள் விட்டுச் சில்லறை தேடினார். பேருந்து ஒன்பதாவது வளைவில் ஒடித்துத் திரும்பியது. இருந்தவர்கள் எல்லாரும் ஒருபக்கமாகச் சாய்ந்தார்கள். அவ்விருவரும் மட்டும் சாயவில்லை.